கால் வலிக்காத வருஷம்

உட்காரு தாயி, உட்காரு. காலை நான் மடக்கிக்கொள்கிறேன். பாதி சீட்டை இந்தக் கால்தான் அடைத்துக்கொண்டு வருகிறது, டிக்கெட்டு எடுக்காமலே. உன் பை இடித்துவிடுமோ என்று பார்க்காதே. இடித்தாலும் எனக்குத் தெரியாது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாது. அதைக் காட்டத்தான் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம். நீ எதுவரைக்கும்? மேலூரா? நல்லதாகப் போயிற்று. அதுவரைக்கும் பேச ஒரு முகம் கிடைத்தது.

முன் சீட்டில் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தூங்குகிறாளே, ஊதாச் சேலை, அவள் என் மருமகள். சத்தியகலா என்று பேர். நான் கால் நீட்டிக்கொள்ள வேண்டுமென்று முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். மெதுவாகவே பேசுகிறேன். அவளைப் பற்றித்தான் பேசப்போகிறேன், அதனால் அவள் தூங்குவது நல்லது.

இந்தக் காலை வைத்துக்கொள்வார்களா, எடுப்பார்களா என்று சிங்கம்புணரி ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. மதுரைக்குப் போங்கள், அங்கே பார்த்துச் சொல்வார்கள் என்றார்கள். நான் சொல்கிறேன், காலில் இருக்கிற கட்டுத்துணியை மாற்றி மருந்து போட்டு அனுப்பிவிடுவார்கள். பத்தொன்பது வருஷம் பழனிக்கு நடந்த கால் தாயி இது. இதை எடுக்க யாருக்குக் கை வரும்?

என் பேர் பஞ்சவர்ணம். கயிற்றுக் கம்பெனியில் வேலை. கயிறு திரிப்பதைப் பார்த்திருக்கிறாயா? ஒருத்தி ராட்டையைச் சுற்றுவாள். நாங்கள் இடுப்பில் தேங்காய்நாரைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நாரை விட்டுக்கொண்டே பின்னால் நடப்போம். முகம் ராட்டையைப் பார்த்தபடி இருக்கும், கால் பின்னால் போகும். நூறு அடி, திரும்ப முன்னால் வருவது, திரும்ப நூறு அடி. இருபத்தாறு வருஷம் இப்படிப் பின்னால் நடந்தே சோறு தின்றேன். பின்னால் என்ன கிடக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது, குதிகாலுக்குத் தெரியும். கல்லா, முள்ளா, படுத்திருக்கிற நாயா, எல்லாம் குதிகால் சொல்லிவிடும்.

போன ஐப்பசியில்தான் இந்தச் சனியன் வந்தது. தண்ணீராகக் குடித்தேன். ராட்டையை நிறுத்தச் சொல்லிவிட்டு மறைவுக்கு ஓடினேன். கூட வேலை பார்க்கிறவளுகள், பஞ்சக்காவுக்குக் குழாய் கெட்டுப்போச்சு என்று சிரித்தாளுகள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டில் பாத்ரூம் ஓரமாக எறும்பு சாரை சாரையாகப் போனதை இவள்தான் பார்த்தாள், இந்தச் சத்தியகலா. பார்த்தவள் சொல்லவேண்டியதுதானே? சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூலில் இலவச முகாம், கண் பார்க்கிறார்கள் என்று கூட்டிக்கொண்டு போனாள். போனால் கண்ணைப் பார்க்கவில்லை, விரலைக் குத்தினார்கள். சின்ன மிஷினில் ரத்தத்தைத் தொட்டு வைத்தாள் நர்ஸம்மா. முந்நூற்றுப் பன்னிரண்டு. அதை அடுத்த மேசைக்காரியிடம் சொன்னாள், அவள் என் மருமகளிடம் சொன்னாள். ரத்தம் என்னுடையது. எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

எத்தனை நாளைக்கு மாத்திரை போடணும் என்று டாக்டரைக் கேட்டேன். இருக்கிற வரைக்கும்மா என்றார். தலையைத் தூக்காமலே சொன்னார், பின்னால் வரிசை நீளமாக நின்றது.

இருக்கிற வரைக்கும். என் வீட்டுக்காரர் செத்தபோது முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் எழுந்து வேலைக்குப் போ என்று ஊரே சொன்னது. துக்கத்துக்குக்கூட ஒரு கெடு உண்டு தாயி. இதற்கு இல்லையாம்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். அக்கம்பக்கத்தில் ஆறுதல் சொல்ல வந்தார்கள். என்ன சொன்னார்கள் தெரியுமா? சர்க்கரைதானே, ஊரில் பாதிப்பேருக்கு இருக்கிறது, இதற்குப் போயா படுத்துக் கிடக்கிறாய் என்றார்கள். எல்லாருக்கும் இருந்தால் எனக்கு வருத்தமாக இருக்கக்கூடாதா? நான் இனிப்புத் தின்னாதவள். கல்யாண வீட்டு இலையில் வைக்கிற ஜாங்கிரியைக்கூடக் காகிதத்தில் மடித்து மகனுக்குக் கொண்டுவந்தவள். யார் யாரோ தின்றதற்கு என் ரத்தம் இனிக்கிறது. இதை யாரிடம் போய்க் கேட்பது? நார்க் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுவேன். தூசி விழுந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவேன்.

மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொள்வேன். இவள் அந்தப் பக்கம் போனதும் துப்பிவிடுவேன். கசப்புக்காக இல்லை. முழுங்கிவிட்டால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைப்பு.

இவள் என்ன செய்தாள் தெரியுமா? சோற்றை டம்ளரில் அளந்து வைத்தாள். என் வீட்டில், நான் வாங்கிப்போட்ட அரிசியை. காப்பியில் சர்க்கரையை நிறுத்தினாள். எனக்கு மட்டும் நிறுத்தினால் தெரிந்துவிடும் என்று தனக்கும் நிறுத்திக்கொண்டாள். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். சிங்கப்பூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டு, உன் பெண்டாட்டி என்னைப் பட்டினி போடுகிறாள் என்று சொன்னேன். அவன் அங்கேயிருந்து இவளைத் திட்டினான். இவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. குற்றமுள்ளவள் பேசமாட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மார்கழியில் மாலை போட்டேன். என் மகனுக்கு ஒன்பது வயதில் மஞ்சள்காமாலை முற்றி, பிழைத்தால் வருஷா வருஷம் நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டது. மாலை போட்டுவிட்டால் எங்கள் குழுவில் செருப்புப் போடக்கூடாது. போடவும் மாட்டோம். இவள் என்னைத் தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். அங்கே ஒரு சின்னப்பெண் டாக்டர். கண்ணை மூடுங்கம்மா, காலில் ஒரு நைலான் நரம்பால் தொடுவேன், தெரிந்தால் தெரியுது என்று சொல்லுங்கள் என்றது. தூண்டில் நரம்பு மாதிரி இருந்தது. கண்ணை மூடினேன். எனக்கு எங்கே தெரிகிறது? ஆனால் தெரியவில்லை என்று சொன்னால் நடக்க விடமாட்டார்களே. அந்தப் பெண் மூச்சு விடுகிற சத்தத்தை வைத்து, இப்போது தொட்டிருக்கும் என்று ஒரு குத்துமதிப்பாகத் தெரியுது, தெரியுது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் அந்தப் பெண் எழுதிக்கொண்டிருக்கிறது. நரம்பு மேசைமேல் இருக்கிறது. என் மருமகள் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அன்று சாயங்காலம் ஒரு செருப்பு வாங்கி வந்தாள். கறுப்பு, மெத்து மெத்தென்று, சர்க்கரைக்காரர்களுக்கென்றே விற்பதாம். அதோடு விட்டாளா? குழுவின் குருசாமி பொன்னழகு அண்ணன், அவரிடம் போய் அத்தைக்குக் காலில் உணர்ச்சி இல்லை, செருப்புப் போட்டு நடக்க உத்தரவு கொடுங்கள் என்று கேட்டாள். நானும் நாற்பது சாமிகளும் பஜனைக்கு உட்கார்ந்திருக்கிற இடத்தில் வைத்து. அவர் நல்ல மனுஷர், முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான், ஆத்தா போட்டுக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நாற்பது பேரும் குனிந்து என் காலைப் பார்த்தார்கள். சேலையை இழுத்து மூடிக்கொண்டேன். துணியில்லாமல் நின்ற மாதிரி இருந்தது தாயி. அதை நான் இவளுக்கு மன்னிக்கவில்லை.

செருப்பைச் சாமான் வண்டியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு கிளம்பினேன். பார்த்தால் இவளும் வருகிறாள். சாமி கும்பிடக் கூப்பிட்டால் குழந்தை அழுகிறது என்று சாக்குச் சொல்கிறவள், மூன்று வயதுப் பிள்ளையைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு வருகிறாள். மாலையும் போடவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும், அத்தை காலைக் காட்டுங்க, அத்தை காலைக் காட்டுங்க. ஊர் முன்னால் நான் காலைத் தூக்கிக் காட்டவா? நத்தத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது என் பாதத்தைப் பிடித்தே விட்டாள். நான் உதறிவிட்டுச் சொன்னேன்.

"நீ காலடி எடுத்து வச்ச பெறகுதான் என் வீட்டுக்கு இந்த நோயே வந்துச்சு."

எல்லாருக்கும் கேட்டது. இவள் இலையை மடித்தாள். சாப்பிட்டிருக்கவில்லை, மடித்துவிட்டு எழுந்து போனாள். ஊருக்குத் திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பக்கத்தில் நடந்து வருகிறாள், வெறுங்காலோடு. உனக்கென்ன வேண்டுதல், நீ ஏன் செருப்பைக் கழற்றினாய் என்று கேட்டேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ரோடு எப்படிச் சுடுதுன்னு ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது தெரியணும்ல அத்தை."

அதற்கப்புறம் என்னை நடக்கவிட்டாளா? பத்தடிக்கு ஒருதரம் ஸ்ஸ் என்பாள். சுடுது அத்தை, புல்லுப் பக்கம் வாங்க. ஜல்லி அத்தை, இந்தப் பக்கம் வாங்க. கையைப் பிடித்து இழுப்பாள். சொகுசுக் கால், நடந்து பழக்கமில்லை, பேர் வாங்குவதற்காக நாடகம் போடுகிறாள் என்று பக்கத்துச் சாமியிடம் நானே சொன்னேன். இரண்டாம் நாள் அவள் பாதம் முழுக்கக் கொப்புளம். நொண்டி நொண்டி வந்தாள். அப்போதும் முந்திக்கொண்டு போய் என் முன்னால் நடப்பாள், ரோட்டைத் தடவிப் பார்க்கிற மாதிரி.

எனக்கு? எனக்குப் பூமேல் நடக்கிற மாதிரி இருந்தது. பொய் சொல்லவில்லை. மற்ற வருஷமெல்லாம் நத்தம் தாண்டினால் குதிகால் வெடித்து, தார் ரோடு சுட்டு, ஒவ்வொரு அடிக்கும் உயிர் போய் வரும். இந்த வருஷம் ஒன்றுமே இல்லை. இளவட்டங்கள் எல்லாம் மரத்தடியில் சுருண்டு கிடக்கிறார்கள், நான் நிற்காமல் போகிறேன். பொன்னழகு அண்ணன் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். பஞ்சவர்ணத்துக்கு முருகன் தன் காலைக் கொடுத்துவிட்டான் என்றார். திண்டுக்கல் தாண்டியதும் குழுவின் வேலாயுதத்தை என் கையில் கொடுத்து முன்னால் நடக்கச் சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் வேல் வந்ததில்லை. பொம்பிளைகள் ஓடி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பிறந்ததிலிருந்து பின்னாலேயே நடந்தவள் தாயி நான். அன்றைக்குத்தான் எனக்கு முன்னால் யாரும் இல்லை. ரோடு மட்டும் இருந்தது. அரோகரா என்று நான் ஒரு குரல் கொடுத்தால் பின்னால் நாற்பது குரல்.

அந்தச் சந்தோஷத்தை நீ என்ன பேர் சொன்னாலும் சொல்லிக்கொள். டாக்டர் அதற்கு வேறே பேர் வைத்திருக்கிறார். நரம்பு செத்துப்போனது என்கிறார். எனக்குச் சர்க்கரை வந்தே பல வருஷம் ஆகியிருக்கும், தெரிந்ததுதான் இப்போது என்கிறார். இருக்கலாம். ஆனால் அந்த ஒரு நாள் மட்டும், ஐப்பசி மாசத்திலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கியிருந்தது. எனக்கு நோய் இல்லை, நோய் இருந்தால் இப்படி நடக்க முடியுமா என்று நினைத்தேன்.

ஒட்டன்சத்திரம் தாண்டிப் போகும்போது பின்னாலிருந்து இவள் கத்தினாள். அத்தை நில்லுங்க, நில்லுங்க. நான் நிற்கவில்லை. பொறாமை என்று நினைத்தேன். ஓடி வந்து என் முன்னால் ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். திரும்பிப் பார்த்தேன். வந்த வழி நெடுக ஒற்றைக்கால் தடம், சிவப்பாக. யாரோ குங்குமத்தை மிதித்துவிட்டு நடந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

ஒரு ஆணி. விரல் நீளம் இருக்கும். இவள்தான் பிடுங்கினாள். பிடுங்கும்போதும் எனக்குத் தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள், பார்த்தீர்களா, ஆணி ஏறியும் வலிக்கவில்லை, அருள் என்றால் இதுதான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இவள் மட்டும் என் காலைப் பிடித்துக்கொண்டு, வலிக்கலையா அத்தை, கொஞ்சம்கூட வலிக்கலையா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வலிக்கவில்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பெருமையாகத்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். மலை ஏறி முருகனைப் பார்க்காமல் எங்கேயும் வரமாட்டேன் என்றேன். ஏறினேன். பார்த்தேன். என்ன கேட்டேன் தெரியுமா? இந்த நோயை எடுத்துக்கொள் என்று கேட்கவில்லை. அடுத்த வருஷமும் இப்படியே வலிக்காமல் கூட்டிக்கொண்டு வா என்று கேட்டேன்.

ஊர் திரும்பிப் பத்தாம் நாள் பெருவிரல் கறுத்தது. அப்புறம் பாதம். கட்டை அவிழ்த்தால் வாடை. இவள் மூக்கை மூடாமல் துடைப்பாள். எனக்கே என் கால் பக்கம் முகத்தைத் திருப்ப முடியவில்லை. மாத்திரையை இப்போது முழுங்குகிறேன். துப்புவதற்கு மனசில் தெம்பு இல்லை.

இன்றைக்குக் காலையில் ஒன்று நடந்தது, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. புறப்படும் நேரம், முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தாள். தண்ணீரைக் காய்ச்சி, சூடு சரியாக இருக்கிறதா என்று முழங்கையை விட்டுப் பார்த்தாள், பச்சைப்பிள்ளைக்குப் பார்க்கிற மாதிரி. நல்ல காலைக் கழுவினாள். கட்டுப்போட்ட காலில் வெளியே தெரிகிற விரல்களை மட்டும் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கறுத்ததையும் துடைத்தாள். நடைப்பயணம் போகும்போது வழியில் சில ஊர்க்காரர்கள் இப்படிச் செய்வதுண்டு, நடந்து வருகிறவர்கள் காலைக் கழுவிக் கும்பிடுவார்கள். மாலையைக் கழற்றி ஒரு மாசம் ஆகிறதே, இப்போது எதற்கு? துடைத்து முடித்தவள் காலை விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். தலை குனிந்திருந்தது. சரி, இப்போதாவது இது எந்தக் கால் என்று புரிந்ததே என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் பையைப் பார்த்தேன். கட்டு மாற்றுகிறதுக்குப் போகிறவர்களுக்குப் பத்து நாள் துணி எதற்கு? பிள்ளையை எதற்குத் தாய் வீட்டில் விடவேண்டும்?

மேலூர் வரப்போகிறது. நீ படித்த பிள்ளை மாதிரி இருக்கிறாய். ஒரு உதவி செய். சிங்கம்புணரி டாக்டர் மதுரை டாக்டருக்கு எழுதிக் கொடுத்த கடுதாசி, காலையிலேயே அவள் பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். இங்கிலீசில் இருக்கிறது. படி. வாய்விட்டுப் படிக்காதே, கண்ணால் படி.

படித்துவிட்டாயா?

ஏன் தாயி வெளியே பார்க்கிறாய்? அங்கே என்ன இருக்கிறது, கல்லு மலைதானே.

விரல் மட்டுமா? தலையை ஆட்டினால் போதும்.

பாதமா?

முழங்காலுக்குக் கீழேயா?

சரி. சரி தாயி. நீ ஏன் அழுகிறாய், கண்ணைத் துடை. கண்டக்டர் பார்க்கிறார், நான் ஏதோ திட்டிவிட்டேன் என்று நினைப்பார். கடுதாசியைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கொடு. பையை அவள் கீழே வைக்கிறபோது எடுத்த இடத்தில் வைத்துவிடுகிறேன்.

இவளுக்கு ஒரு வாரமாகத் தெரிந்திருக்கிறது. கடுதாசி வாங்கிவந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை அவளுக்கு. நான் வேறு நினைத்தேன். என்னிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்து நினைத்தே இந்தப் பிள்ளை காய்ந்துபோயிருக்கிறது. பாரு, தூக்கத்திலும் அந்தப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

உன் ஊர் வந்துவிட்டது. இறங்கும்போது அவள் தோளில் இடிக்காமல் போ. தூங்கட்டும். மதுரை போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு ஒரு வார்த்தை கிடைக்கும். அவள் சொல்லும்போது நான் முதல்தடவையாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்ள வேண்டும். அவளால் தாங்க முடிகிற அளவுக்கு மட்டும் அழவேண்டும். போ தாயி, பார்த்து இறங்கு.